‘தேள்’ எழுதினால் கொம்பு இடம் மாறுகிறது, என்ன செய்வது?

மதுரைக்காரி:
மகன் அரசுப் பள்ளியில் நாலாம் வகுப்பு. கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வான். புத்தகத்தைக் கொடுத்தால் முதல் எழுத்தை மட்டும் பார்த்து மீதியை ஊகிக்கிறான். ‘மரம்’ அவனுக்கு ‘மயில்’. நேற்று ‘தேள்’ எழுதச் சொன்னேன். ‘த’ போட்டுவிட்டு அதற்குப் பின்னால் இரட்டைக் கொம்பைப் போட்டான். அதட்டினால், “த-தானேம்மா முதல்ல கேக்குது?” என்கிறான். டீச்சர் சோம்பேறித்தனம் என்கிறார். கண் டாக்டரிடம் காட்டியாயிற்று, பார்வையில் குறையில்லை. டிஸ்லெக்ஸியா என்கிறார்களே, அந்த வாசிப்புக் குறைபாடா இது?

சிறப்பாசிரியை:
பையன் கேட்டது நியாயம்தான். கொம்பு எழுத்துகளில் காதுக்கு ஒரு வரிசை, கைக்கு வேறு வரிசை. ‘கொ’ இன்னும் மோசம், இரண்டு பக்கமும் குறி. ஒன்றாம் வகுப்பில் பல பிள்ளைகள் இங்கே தடுக்குவார்கள். நாலாம் வகுப்பிலும் தடுக்கினால், ஊகித்தும் வாசித்தால், சோதித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் இங்கே உட்கார்ந்துகொண்டு நான் பெயர் வைக்க மாட்டேன். காதையும் பரிசோதியுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார், தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

வீட்டில் ஒன்று செய்யலாம். கொம்பு, கால், எழுத்து எல்லாவற்றையும் அட்டையில் வெட்டுங்கள். கொம்பு மட்டும் சிவப்பு. ‘தே’ என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அவனே அடுக்கட்டும். பத்து நிமிஷம் போதும். இம்போசிஷன் மட்டும் வேண்டவே வேண்டாம்.

புள்ளிக்காரன்:
எனக்குப் பார்வை கிடையாது, பிரெயிலில் படித்தவன். அதில் ‘தே’ என்றால் முதலில் த, பிறகு ஏ. உங்கள் மகன் சொல்லும் அதே வரிசை! கண் தெரிந்தவர்கள் கொம்பை முன்னால் போடுவார்கள் என்று எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது, விழுந்து விழுந்து சிரித்தேன். போன் விசைப்பலகையிலும் த-வை அடித்த பிறகுதான் கொம்பு. கொடுத்துப் பாருங்கள். பாடத்தை அதுவே வாசித்தும் காட்டும். காதால் கேட்டால் அது படிப்பில்லை என்று யாராவது சொன்னால் விடுங்கள், நான் எம்.ஏ. முடித்தது அப்படித்தான்.

பத்தாவது அம்மா:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் உண்டு. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்கலாம். பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம் போகும். நான் என் பிள்ளை பத்தாம் வகுப்பு வரும் வரை காத்திருந்து, கடைசி மாதம் ஃபைலும் கையுமாக அலைந்தேன். நீங்கள் இப்போதே ஆரம்பியுங்கள்.

மதுரைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. திங்கட்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்கிறேன். ராத்திரி போனைக் கொடுத்தேன். ‘தேள்’ ஒரே தடவையில் சரியாக அடித்தான். அடுத்து, நான் சொல்லாமலே, ‘தேன்மிட்டாய்’. வாங்கித் தந்தால்தான் மூன்றாவது வார்த்தையாம்.