கோலாலம்பூர், செந்தூல் வீட்டுக் குழு: அக்டோபர் கணக்கு (மலேசிய வெள்ளியில்)

ஞாயிறு, இரவு 8:40

அண்ணி: (செலவு நோட்டின் படம்)

அண்ணி: யாராவது இந்த நோட்டைப் பாருங்களேன். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 6,800 வெள்ளி. செலவைக் கூட்டினால் 8,130 வருகிறது. ஆனால் சம்பளக் கணக்கில் போன மாதத்தைவிட 450 கூடியிருக்கிறது. யாரிடமும் கைமாற்றும் வாங்கவில்லை.

அண்ணன்: தீபாவளி மாதம். அப்படித்தான் இருக்கும்.

அண்ணி: தீபாவளி காசைக் கரைக்கும், கணக்கில் கொண்டுவந்தா போடும்?

அப்பா: 1,330 துண்டு விழுந்தும் மிச்சம் காட்டுகிறதா? எந்த வங்கி அது, நானும் அங்கே மாறிக்கொள்கிறேன்.

அக்கா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 4ஆம் தேதி ‘கார்டு பில் 1,380’ என்று எழுதியிருக்கிறாய். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் எடுத்த சேலை, மளிகை, காருக்கு எண்ணெய், எல்லாம் கிரெடிட் கார்டில் தேய்த்தது. அதையும் தனித்தனியாக எழுதியிருக்கிறாய், மொத்தம் 1,640.

அண்ணி: இரண்டுமே போன காசுதானே அக்கா?

அக்கா: இல்லைமா. கார்டைத் தேய்த்த அன்றே செலவு முடிந்தது. பில் கட்டுவது அந்தக் கடனை அடைப்பது மட்டும்தான். செப்டம்பர் பக்கத்தைத் திருப்பிப் பார், அந்த 1,380 மளிகையாகவும் எண்ணெயாகவும் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

அண்ணி: இருக்கிறது. ஆகஸ்ட் கடைசியிலும் கொஞ்சம்.

அக்கா: அப்புறம் ‘டியூட்நவ் சேமிப்பு 500’. டியூட்நவ் காசு அனுப்பும் வழி மட்டும்தான். உன் ஒரு கணக்கிலிருந்து உன் இன்னொரு கணக்குக்குத்தானே போனது? இ-வாலட்டில் ஏற்றிய ‘டச் அண்ட் கோ 200’ம் அப்படித்தான். அதிலிருந்து கேண்டீனுக்கும் பார்க்கிங்குக்கும் போன 140ஐ வேறு எழுதியிருக்கிறாய். 1,380, 500, 200, மூன்றையும் கழித்துவிடு.

அண்ணி: 2,080. அப்படியானால் செலவு 6,050. மிச்சம் 750. ஆனால் கணக்கில் 450தானே இருக்கிறது? இப்போது இந்தப் பக்கம் உதைக்கிறது!

அக்கா: உதைக்காது, இரு. சம்பளக் கணக்கில் 450, சேமிப்பில் 500, இ-வாலட்டில் மீதி 60. கூட்டினால் 1,010. ஆனால் இந்த மாதம் கார்டில் 1,640 தேய்த்து 1,380தான் கட்டியிருக்கிறாய், கடன் 260 ஏறியிருக்கிறது. 1,010இல் 260 போனால்?

அண்ணி: 750!!

நான்: அக்கா அலுவலகத்தில் இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறது.

அப்பா: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேமிப்புக்கு அனுப்பிய 500ஐச் செலவு என்றே எழுது மருமகளே. மிச்சம் என்று கண்ணில் பட்டால் உன் வீட்டுக்காரன் புது ரிம் மாட்டிவிடுவான்.

அண்ணன்: அப்பா.

அக்கா: அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சம்பளம் வந்ததும் 500ஐத் தனியாக ஒதுக்கிவிட வேண்டும், அதைத் தொடக்கூடாது. ஆனால் செலவுப் பத்தியில் போட்டால் ஆண்டு முடிவில் எவ்வளவு தின்றோம், எவ்வளவு சேர்த்தோம் என்றே தெரியாது. ‘மாற்றம்’ என்று ஒரு பத்தி போடு. சேமிப்பு, இ-வாலட், கார்டு பில் எல்லாம் அதில் போகட்டும். கூட்டும்போது அந்தப் பத்தியைச் சேர்க்காதே.

நான்: பெட்ரோல் பங்கில் எண்ணெய் ஊற்றக் கார்டைச் சொருகினால் 200 வெள்ளி பிடித்து வைக்கிறதே, அது?

அக்கா: அது வெறும் பிடித்தம். 60க்கு ஊற்றினால் 60 என்று எழுது. மீதி தானாக விடுபடும். டெபிட் கார்டில் அது திரும்ப நாளாகலாம், அதனால் கணக்கைத் துடைத்து வைத்துக்கொண்டு பங்குக்குப் போகாதே.

சித்தப்பா: நானும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் கார்டில் பழைய பாக்கி 4,000. மாதம் 200 கட்டுகிறேன். நோட்டும் கிடையாது, கீட்டும் கிடையாது. என் 200ம் வெறும் மாற்றம்தானா?

அக்கா: உங்கள் கதை வேறு சித்தப்பா. பொருள் வாங்கிய காலத்தில் நீங்கள் எழுதவில்லை. இப்போது இந்த மாதச் சம்பளத்தில் 200 அதற்குப் போகிறது, ஆகவே ‘பழைய கடன்’ என்று பட்ஜெட்டில் தனி வரி வேண்டும். வட்டி எத்தனை விழுக்காடு போடுகிறார்கள்?

சித்தப்பா: 18.

அக்கா: அப்படியென்றால் தவணை தவறியிருக்கிறீர்கள். கடந்த 12 மாதமும் குறைந்தபட்சத் தொகையையாவது தவறாமல் கட்டியவருக்கு 15தான், 10 மாதமாவது கட்டியிருந்தால் 17. நம் மத்திய வங்கி பேங்க் நெகாரா வகுத்த உச்சவரம்பு அது. 4,000க்கு 18 என்றால் மாதம் சுமார் 60 வெள்ளி வட்டி. நீங்கள் கட்டும் 200இல் 140தான் அசலில் கழிகிறது. அந்த 60 மட்டும் சுத்தமான செலவு, அதை எழுதியே ஆக வேண்டும்.

சித்தப்பா: அதே கார்டில்தான் மளிகையும் வாங்குகிறேன்.

அக்கா: ஐயோ, அதை உடனே நிறுத்துங்கள். பில்லை முழுதாகக் கட்டுபவருக்குத்தான் அந்த 20 நாள் வட்டியில்லாத அவகாசம். பாக்கி வைத்திருந்தால் புதிதாக வாங்கும் பருப்புக்கும் வட்டி ஓடும்.

சித்தப்பா: இன்னொரு வங்கிக்காரன் பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர், பாக்கியை அவர்கள் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று போன் செய்தான்.

அக்கா: வட்டி உண்மையிலேயே குறைந்தால் செய்யலாம், கட்டணத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கடன் அடையவில்லை, வீடு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். பழைய கார்டு காலியாகிவிட்டது என்று மறுபடி தேய்க்க ஆரம்பித்தால் இரண்டு வீட்டுக்கும் வாடகை. முதலில் கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே நிறுவனத்தில் பேசிப் பாருங்கள். பேங்க் நெகாரா 2006இல் தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

சித்தப்பா: நீயும் கூட வருகிறாயா மா? தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது.

அக்கா: போவோம் சித்தப்பா. கடைசி மூன்று ஸ்டேட்மென்டையும் சம்பளச் சீட்டையும் எடுத்து வையுங்கள். கிழித்துப் போட்டிருந்தால் வங்கி ஆப்பில் இருக்கும், தம்பி இறக்கித் தருவான்.

நான்: சரி சித்தப்பா, நாளைக்கு வருகிறேன்.

அண்ணி: அக்கா, கார்டு ஸ்டேட்மென்டில் ‘சேவை வரி 25’ என்று இரண்டு முறை இருக்கிறது. இதுவும் நான் இருமுறை எழுதிய மாதிரிதானா?

அக்கா: இல்லை, இது நிஜமாகவே இரண்டு. ஆண்டுக்கு ஒரு கார்டுக்கு 25 வெள்ளி. துணைக் கார்டுக்கும் தனியாக உண்டு. செலவில் எழுது.

அண்ணி: அப்படியானால் அவருக்கு எடுத்த துணைக் கார்டை ரத்து செய்துவிடலாம் போலிருக்கிறதே.

அப்பா: செய் லா.

அண்ணன்: நான் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.