ஏற்காட்டில் காட்டுக்குள் போனவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோரிமேட்டுக்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவன், ஏற்காட்டுக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கே கிடையாது, ஆனால் போன மார்கழி வரைக்கும் அங்கே காட்டுக்குள் ஒரு முறைகூட கால் வைத்ததில்லை. பேரிலேயே ஏரியும் காடும் இருக்கிறது, நாங்கள் ஏரியோடு திரும்பிவிடுவோம். படகு, லேடீஸ் சீட் வியூ பாயின்ட், மிளகாய் பஜ்ஜி, 20 கொண்டை ஊசி வளைவு முடிவதற்குள் தங்கச்சி இரண்டு முறை வாந்தி. அவ்வளவுதான் ஏற்காடு.

போன மார்கழியில் கூட்டாளி ஒருத்தனின் சித்தப்பா தோட்டத்துக்குப் போனோம். நாகலூர் பக்கம், சின்னத் தோட்டம்தான். காபிப் பழம் பறிப்பு நடந்துகொண்டிருந்தது, உதவி செய்யப் போகிறோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனோம், போய்ச் செய்தது சாப்பாட்டைக் காலி செய்ததுதான். பக்கத்து நிலத்துக்காரர் ஒரு பெரியவர், மலையாளி. (கேரளா இல்லைங்க. சேர்வராயன் மலைப் பழங்குடிகளுக்கே அதுதான் பெயர், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்தில் இருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேரில் மூத்தவன் இந்த மலைக்கு வந்தான், மற்ற இரண்டு பேரும் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்று அவர்களுக்குள் ஒரு கதை உண்டு.) மறுநாள் விடியற்காலையில் அவர் கோயில் பக்கம் போகிறார் என்றதும் நானும் ஒட்டிக்கொண்டேன்.

கிளம்பும்போது நல்ல பனிமூட்டம், பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. முதலில் சில்வர் ஓக் மரங்களாக நின்றன, ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த மரம், ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி ஏற்றியிருந்தார்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே வரிசை, பள்ளிக்கூட அசெம்ப்ளி மாதிரி. அங்கே எங்கள் காலடிச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. ஒரு ஓடையைத் தாண்டினோம், அப்புறம் பார்த்தால் மழை பிடித்துக்கொண்டது. நான் அவசரமாகத் துண்டைத் தலையில் போட, பெரியவர் சிரிக்கிறார். அது மழையே இல்லை. மேலே இலைகளில் சேர்ந்த பனி சொட்டுகிறது, பலா இலையில் விழுந்து, அங்கிருந்து கீழே காபி இலையில் விழுந்து, அப்புறம் சருகில் விழுகிறது, மூன்று மாடிக் கட்டடத்தில் தண்ணீர் இறங்குகிற மாதிரி. அத்தி, பலா, நாவல், ஈட்டி, கல்யாணமுருங்கை, பெயர் தெரியாத இன்னும் பத்து மரம், எல்லாம் கலந்து வளைந்து நெளிந்து நிற்கின்றன. காபி அதற்கு அடியில். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் காபியை இந்த மலைக்குக் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறேன், ஆனால் காபி என்றால் தேயிலை மாதிரி மொட்டை மலையில் வரிசையாக இருக்கும் என்றுதான் அதுவரைக்கும் என் மண்டையில் இருந்தது.

சத்தம் என்றால் அப்படி ஒரு சத்தம். சின்னான் குருவிகள் கும்பலாகக் கத்துகின்றன, எங்கேயோ மரங்கொத்தி தட்டுகிறது, ஓடைப் பக்கம் ஒருத்தன் பாட்டு மறந்துபோய் அரைகுறையாக விசிலடிக்கிறான். யாரோ பையன் என்றே நினைத்தேன். சீகாரப் பூங்குருவியாம். இந்தப் பக்கம் ஏன் இவ்வளவு குருவி, அந்தப் பக்கம் ஏன் இல்லை என்று கேட்டேன். "சில்வர் ஓக் பூக்கிறப்ப மட்டும் குருவி அங்க போகும் கண்ணு. மத்த மாசத்துக்கு அது என்னத்தத் தின்னும்?" என்றார். இங்கே ஒரு அத்தி பழுத்து ஓய்ந்தால் இன்னொன்று பழுக்கும், அதற்குப் பிறகு நாவல். வழியில் ஒரு பாறை மேல் மரநாய் போட்டுவிட்டுப் போன எச்சம், முழுக்கக் காபிக் கொட்டை. நல்ல பழமாகப் பொறுக்கித் தின்றிருக்கிறது, பறிக்க வந்த எங்களைவிட ஒழுங்காக.

பெரியவர் வளைவுக்கு வளைவு சத்தமாக "நாங்கதான், நாங்கதான் வர்றோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். போனில் பேசுகிறார் என்று நினைத்தேன். யாருக்குச் சொல்றீங்க ஐயா என்றால், "கேக்கிறவங்களுக்குத்தான்". சரி, சாமிக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

நான்காவது வளைவோ ஐந்தாவதோ, அவர் சொல்லி வாய் மூடவில்லை, இடது பக்கம் காபிச் செடிகளுக்குள் புஸ்ஸென்று ஒரு மூச்சு, பஸ் பிரேக் காற்று விடுகிற மாதிரி. பெரியவர் கையை நீட்டி என்னை நிறுத்தினார். பனிக்குள் முதலில் தெரிந்தது நான்கு வெள்ளைக் கால்கள் மட்டும்தான். சாக்ஸ் போட்ட மாதிரி முழங்கால் வரை வெள்ளை, அதற்கு மேலே ஒன்றுமே இல்லை, கருப்பு. பிறகுதான் அந்தக் கருப்பு முழுக்க ஒரே மாடு என்று புரிந்தது. காட்டெருமை. அவர் அதைக் காட்டுமாடு என்றார். வளர்ந்த கடா ஒரு டன் வரை இருக்கும் என்பதை வீட்டுக்கு வந்து படித்தேன், நல்லவேளை அப்போது தெரியாது. ஓடலாமா என்று கண்ணாலேயே கேட்டேன். அவர் அசையவில்லை, குரலை மட்டும் தணித்து மறுபடியும் "நாங்கதான்" என்றார். அது இரண்டு நிமிடம் நின்றது (என் கணக்கில் அரை மணி நேரம்), காதை ஆட்டியது, அப்புறம் எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் சரிவில் இறங்கிப் போனது. அவ்வளவு பெரிய உடம்பு போன வழியில் நான்கைந்து காபிச் செடிதான் ஆடியது.

கோயில்காட்டுக்கு முன்னால் செருப்பைக் கழற்றினோம். அங்கே ஒரு குச்சிகூட எடுக்கக்கூடாது என்பதால் விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கிறது, அதன் மேல் காளான், பக்கத்துக் கிளையில் ஆர்க்கிட். ஏற்காட்டில் ஆர்க்கிட்டுக்கென்றே மத்திய அரசின் தோட்டம் ஒன்று இருக்கிறது, அதன் வாசல் வழியாக நூறு முறை போயிருக்கிறேன், ஏன் இந்த ஊரில் வைத்தார்கள் என்று யோசித்ததே இல்லை.

அரப்புத்தூள்:

அண்ணா, படிக்கும்போதே எனக்குக் கால் நடுங்கியது. ஆனால் எல்லோரும் மேலே போய்த்தான் காடு பார்க்க வேண்டுமா? குப்பனூர் வழியாக ஏறிப் பாருங்கள். மாசி கடைசியில் அம்மாவோடு ஸ்கூட்டரில் போனேன். கீழ்ச்சரிவில் ஒரு மரத்திலும் இலை இல்லை, செத்த காடு என்று நான் சொல்ல, அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார்.

அம்மாவுக்கு மரத்தைத் தாவரப் பாடமாகத் தெரியாது, வீட்டுச் சாமானாகத்தான் தெரியும். இது உசிலை, உன் தலைக்குப் போடுகிற அரப்பு இதன் இலைதான். (இருபத்தாறு வருடமாகத் தேய்க்கிறேன், மரத்தை அன்றுதான் பார்த்தேன். என் பெயர்க் காரணமும் அதுதான்.) இது வெட்பாலை, இலையைப் பிய்த்துத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாவாக மாறும், தாத்தாவின் தோல் அரிப்புக்கு அதைத்தான் தடவினோம். இது கடுக்காய். இது வேங்கை. ஒரு சின்ன சந்தனக் கன்றையும் காட்டினார். சந்தனம் தனியாக வளராது, பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரை ஒட்டி உறிஞ்சித்தான் பிழைக்கும், அதனால் கூட்டத்துக்குள்தான் நிற்கும். "உங்க பெரியப்பா மாதிரி" என்று அம்மா சொன்னதை இங்கே எழுதக்கூடாது, எழுதிவிட்டேன்.

பயந்த விஷயம் ஒன்றுதான். எதிர்ச்சரிவில் புகை. சருகு அவ்வளவு காய்ந்து கிடக்கும் நேரத்தில் யாராவது பீடித் துண்டைப் போட்டாலே போதும். கீழே வந்து செக்போஸ்ட்டில் சொன்னோம், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது, ஆட்கள் போயிருந்தார்கள்.

சுத்துரோடு:

காட்டெருமையெல்லாம் பெரிய விஷயமா, என் கதையைக் கேளுங்கள். 32 கிலோமீட்டர் சுற்றுச்சாலையில் பைக்கை நிறுத்திவிட்டு, போட்டோவுக்காக உண்ணிச்செடிப் புதருக்குள் போனேன். ஐந்தே நிமிடம். மூன்று நாள் கழித்து இடுப்பில் மரு மாதிரி ஒன்று, தொட்டால் கால் ஆட்டுகிறது. மொத்தம் ஏழு உண்ணி. உண்ணிச்செடி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? (உடனே யாராவது வந்து பெயர்க்காரணம் அது இல்லை என்று சொல்வீர்கள், சொல்லுங்கள்.) அந்தப் பெரியவரோடு நாங்களும் போக முடியுமா அண்ணா?

கோரிமேட்டுக்காரன்:

தங்கச்சி, அம்மாவைக் கட்டாயம் மேலே கூட்டிப்போங்கள், பெரியவரும் அவரும் பேசினால் நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கலாம். தம்பி, தனியாக மட்டும் நுழையாதீர்கள், ஒரு பக்கம் காப்புக்காடு, ஒரு பக்கம் யாருடைய தோட்டமோ, எங்கே முடிந்து எங்கே ஆரம்பிக்கிறது என்று நமக்குத் தெரியாது. நேற்று பெரியவர் போன் செய்தார். வியாழக்கிழமை ராத்திரி அங்கே பூமழை பெய்துவிட்டதாம், எட்டு ஒன்பது நாளில் காபி பூக்கும், மல்லிகை மாதிரி மலையே மணக்கும், இரண்டு மூன்று நாளில் வாடியும் விடும். வருகிற சனிக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கு அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் நிற்பேன், வண்டியில் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. முழுக்கால் பேன்ட், ஷூ. சுத்துரோடு தம்பி, சாக்ஸுக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு வாருங்கள்.