காட்பாடி மாடியில் 40 மீட்டர் இன்வெர்ட்டட் வீ: டிப் 6.72-ல் நிற்கிறது, கோஆக்ஸைத் தொட்டால் நகர்கிறது. என்ன செய்யலாம்?

(ஹாம் ரேடியோ, அதாவது அமெச்சூர் வானொலி நண்பர்களின் உரையாடல். பேசுபவர்கள் ஊர்ப் பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

காட்பாடி (கேள்வி)

வணக்கம். மொட்டை மாடியில் கட்டிய 40 மீட்டர் பேண்ட் இன்வெர்ட்டட் வீ-யை (நடு உயர்ந்து, இரண்டு ஒயர் கைகளும் கீழே சரியும் டைபோல் ஆண்டெனா) 7.000–7.200 மெகாஹெர்ட்ஸுக்குள் கொண்டுவர உதவி வேண்டும்.

ஒயர்: 1.5 சதுர மி.மீ. வீட்டு வயரிங் ஒயர், பக்கத்துக்கு 10.15 மீட்டர்.
நடு: மாடியில் 6 மீட்டர் ஜி.ஐ. பைப்.
முனைகள்: ஒன்று கைப்பிடிச் சுவர் கொக்கியில், தளத்திலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில். மற்றது கொல்லைத் தென்னையில்.
ஃபீடர் (ஆண்டெனாவையும் ரேடியோவையும் இணைக்கும் கேபிள்): ஆர்ஜி-58 கோஆக்ஸ், 25 மீட்டர். பாலன் (ஆண்டெனாவையும் கோஆக்ஸையும் சமப்படுத்தும் இணைப்பு) இல்லை.

ரேடியோ இருக்கும் அறையில் நானோவிஎன்ஏ (ஆண்டெனாவை அளக்கும் சிறு கருவி) வைத்துப் பார்த்தால் மிகக் குறைந்த எஸ்டபிள்யூஆர் (ஆண்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்), அதாவது டிப், 6.72 மெகாஹெர்ட்ஸில் 1.3. 7.1-ல் 2.6. கோஆக்ஸைக் கையால் பிடித்தால் டிப் 60, 70 கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது. 50 வாட் போட்டால் மைக்கின் உலோகப் பகுதி உதட்டில் சுருக்கென்கிறது. எத்தனை சென்டிமீட்டர் வெட்டுவது?

ஆற்காடு

கட்டரை இப்போதைக்குக் கீழே வையுங்கள் சார். இதில் இரண்டு பிரச்சினைகள் சேர்ந்திருக்கின்றன. ஒயர் நீளம் இரண்டாவதுதான்.

கை பட்டதும் டிப் நகர்ந்தால், கோஆக்ஸ் பின்னலின் (வெளி உலோக வலையின்) வெளிப்பரப்பும் ஆண்டெனாவாக வேலை செய்கிறது என்று அர்த்தம். டைபோலுக்கு மூன்றாவது கையாக 25 மீட்டர் கேபிள் தொங்குகிறது. உங்கள் இடத்தில் அது இன்னும் கூடுதல். ஒரு முனை கான்கிரீட் கம்பிகளுக்குப் பக்கத்திலும் இன்னொன்று மரத்திலும் இருப்பதால் இரண்டு பக்கமும் சமமாக இல்லை. அந்த வித்தியாசக் கரண்ட் பின்னல் வழியே அறைக்குள் இறங்கி மைக்கில் சுடுகிறது. இந்த நிலையில் வெட்டினால் கேபிளையும் சேர்த்து அளந்து வெட்டியதாகும். நாளைக்கு கேபிளை வேறு வழியில் ஓட்டினால் கணக்கு மாறிவிடும்.

முதலில் சுவர் முனையை உயர்த்துங்கள். ஒரு சவுக்குக் கழி கட்டி, ஒயர் முனை தளத்திலிருந்து குறைந்தது 2.5 மீட்டர் இருக்கட்டும். டைபோலின் நுனியில்தான் வோல்டேஜ் அதிகம். துணி காயப்போட வருபவர்கள் கை எட்டும் உயரத்தில் அது இருக்கவே கூடாது. தென்னைப் பக்கம் ஒயர் மட்டைக்கு ஒன்றரை மீட்டர் முன்னாலேயே முடியட்டும், மீதி கயிறு. மட்டை உரசினால் காற்றடிக்கும்போதெல்லாம் அளவு ஆடும்.

அடுத்தது சோக், அதாவது பின்னலின் வெளியே ஓடும் கரண்டைத் தடுக்கும் சுருள். எஃப்டி240-43 ஃபெரைட் வளையத்தில் அதே ஆர்ஜி-58-ஐ 12 சுற்று சுற்றி, ஆண்டெனா நடுவிலேயே வையுங்கள், அறைப் பக்கம் அல்ல.

ராணிப்பேட்டை

பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்-ல் கழற்றிய வளையம் போதுமா என்று பலர் கேட்பதால் சொல்கிறேன்: போதாது. மஞ்சள்-வெள்ளை, பச்சை-நீலம் பெயின்ட் அடித்தவை இரும்புத் தூள் வளையங்கள், 7 மெகாஹெர்ட்ஸில் சோக்குக்கு உதவாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் என்ன மிக்ஸ் (ஃபெரைட் வகை எண்) என்று கேட்டு வாங்குங்கள். 43 அல்லது 31 வேண்டும்.

சுற்றிய சோக்கை அந்த நானோவிஎன்ஏ-விலேயே சோதிக்கலாம். பின்னலின் ஒரு முனையை முதல் போர்ட்டின் நடு ஊசிக்கும் மறு முனையை இரண்டாம் போர்ட்டின் நடு ஊசிக்கும் குட்டையான ஒயரால் இணைத்து எஸ்21 (முதல் போர்ட்டிலிருந்து இரண்டாவதுக்குப் போய்ச் சேரும் சிக்னல்) பாருங்கள். 20 டெசிபெல் தடுத்தால் சுமார் 900 ஓம், 30 டெசிபெல் தடுத்தால் சுமார் 3,000 ஓம். 7.1-ல் 30-ஐ ஒட்டி வந்தால் திருப்தி.

கேலிப்ரேஷனும் சரியாக இருக்க வேண்டும். முதலில் ஸ்டிமுலஸ் மெனுவில் 6.5 முதல் 7.5 மெகாஹெர்ட்ஸ் வரை வைத்து, பிறகு கேல், ரீசெட், ஓப்பன், ஷார்ட், லோட், டன், சேவ். எஸ்11 (முதல் போர்ட்டுக்கே திரும்பி வரும் சிக்னல்) மட்டும் பார்ப்பதற்கு மற்ற கேலிப்ரேஷன் படிகள் தேவையில்லை. 101 புள்ளிகள் இருந்தால் 10 கிலோஹெர்ட்ஸுக்கு ஒரு புள்ளி விழும். ரேஞ்சை 900 மெகாஹெர்ட்ஸ் வரை விட்டால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மொத்த 40 மீட்டர் பேண்டும் காணாமல் போகும். கனெக்டர் அடாப்டர் போடுவதாக இருந்தால் அடாப்டர் நுனியில் கேலிப்ரேட் செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வெயில் காலக் காய்ந்த காற்றில் ஒயரில் ஸ்டாட்டிக் சேரும். கோஆக்ஸின் நடு ஊசியையும் உடலையும் ஒரு முறை ஷார்ட் செய்துவிட்டுத்தான் விஎன்ஏ-வில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் போர்ட் போய்விடும்.

குடியாத்தம்

எதற்கு இவ்வளவு வேலை? ரிக் (ரேடியோ) பக்கத்தில் ஒரு ட்யூனர் வைத்தால் 2.6 எல்லாம் 1.1 ஆகிவிடுமே. இல்லையென்றால் கோஆக்ஸை இரண்டு மூன்று மீட்டர் குறைத்துப் பாருங்கள், எஸ்டபிள்யூஆர் இறங்கும்.

ஆற்காடு

ட்யூனரால் ரிக் சந்தோஷப்படும், உண்மை. நஷ்டமும் பெரிதல்ல. 7 மெகாஹெர்ட்ஸில் இந்த நீள ஆர்ஜி-58-ல் மிஸ்மேட்சால் (பொருத்தமின்மையால்) கூடும் நஷ்டம் சுமார் அரை டெசிபெல்தான். ஆனால் பின்னலின் வெளியே ஓடும் கரண்டை ட்யூனர் தொடாது. மைக் சுடும். வீட்டு இன்வெர்ட்டர், எல்இடி பல்பு இரைச்சலும் அதே வழியாக ரிசீவருக்கு ஏறும்.

கோஆக்ஸ் நீளத்தை மாற்றினால் எஸ்டபிள்யூஆர் கணிசமாக மாறுகிறது என்றால் அதுவும் சோக் இல்லாததன் அறிகுறிதான். நல்ல சோக் போட்ட 50 ஓம் கேபிளில் நீளம் மாறினால் ஆர் (ரெசிஸ்டன்ஸ்), எக்ஸ் (ரியாக்டன்ஸ்) மதிப்புகள் மாறும், எஸ்டபிள்யூஆர் ஏறக்குறைய அப்படியே நிற்கும். அதனால் அறையில் தெரியும் ஆர், எக்ஸை வைத்து ஆண்டெனாவை எடைபோடாதீர்கள். அவை நேராகத் தெரிய வேண்டுமானால் கேபிள் அரை அலை நீளத்தின் மடங்காக இருக்க வேண்டும். 0.66 வெலாசிட்டி ஃபேக்டருக்கு (ஒளி வேகத்தோடு ஒப்பிட்டால் கேபிளுக்குள் அலையின் வேகம்) 7.1-ல் 13.94 மீட்டர், அதன் இரட்டிப்பு 27.9 மீட்டர்.

காட்பாடி

சவுக்குக் கழி கட்டியாயிற்று, முனை 2.6 மீட்டர். 12 சுற்று சோக் நடுவில். டிப் இப்போது 6.79-ல். கோஆக்ஸைப் பிடித்தாலும் நகரவில்லை. மைக்கும் சுடவில்லை. இப்போது வெட்டலாமா?

ஆற்காடு

இப்போது வெட்டலாம். மொத்த நீளம் 20.30 × 6.79 ÷ 7.10 = 19.41 மீட்டர். பக்கத்துக்கு 9.71, அதாவது தலா 44 செ.மீ. குறைய வேண்டும். ஒரேயடியாக 44 வேண்டாம், 40 வெட்டி அளந்து பாருங்கள். அதற்குப் பிறகு இரு பக்கமும் தலா 1 செ.மீ. குறைத்தால் சுமார் 7 கிலோஹெர்ட்ஸ் ஏறும். அளக்கும்போது ஒயர் அதே உயரத்தில், அதே இழுவையில் இருக்க வேண்டும். இறக்கி வைத்து அளந்தால் வேறு எண் வரும்.

டைபோலின் மொத்த நீளத்துக்கான ஃபார்முலாவில் 143-ஐ 7.1-ஆல் வகுத்து 20.1 மீட்டர் வந்ததே, ஏன் இவ்வளவு குறைகிறது என்று தோன்றலாம். அந்த 143 வெற்றுச் செம்புக்கு. பிவிசி உறை அலையைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், மூன்று நாலு சதவீதம் குட்டையாகவே போதும்.

காட்பாடி

40 வெட்டியதும் 7.07. இன்னும் 4 எடுத்ததும் 7.10-ல் 1.2. பேண்டின் இரு ஓரத்திலும் 1.5. கூடுதலாகக் குறைக்க வேண்டுமா?

ராணிப்பேட்டை

வேண்டாம். 1.2-ஐ 1.0 ஆக்குவதால் சென்னைக்காரர் காதில் ஒரு வித்தியாசமும் கேட்காது. அந்த நேரத்தை மழைக்கு முன்னேற்பாட்டில் போடுங்கள். வயரிங் ஒயர் மென்மையான செம்பு, இழுவையில் நீளும், டிப் கீழே இறங்கும். கயிறைத் தளர்வாகக் கட்டி, சில வாரங்கள் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

நடுவில் கோஆக்ஸ் பிரியும் இடத்தை செல்ஃப்-அமால்கமேட்டிங் டேப்பால் (தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்) சுற்றி, வாயைக் கீழ்நோக்கி வையுங்கள். அதை மூடுவதற்கு முன் ஒரு அளவு எடுங்கள்: ஆண்டெனாப் பக்கத்தைக் கழற்றி ஓப்பனாக விட்டு, அறையிலிருந்து 7 மெகாஹெர்ட்ஸில் ரிட்டர்ன் லாஸ் (அனுப்பிய சிக்னல் திரும்பி வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்ற அளவு). 25 மீட்டர் நல்ல ஆர்ஜி-58-க்கு சுமார் 2 டெசிபெல் வரும். எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து அதே அளவு 4, 5 என்று ஏறியிருந்தால் கேபிளுக்குள் தண்ணீர். அப்போது எஸ்டபிள்யூஆர் முன்பைவிட அழகாகத் தெரியும், அதை நம்பாமல் கேபிளை மாற்றுங்கள். 73 (ஹாம்களின் விடைபெறும் வாழ்த்து).