கல்மண்டபம் கழுகு யார்?

குரூப்: ஆயா வீடு, பழைய வண்ணாரப்பேட்டை
ஞாயிறு காலை

கோபால்: நிச்சயத்துக்கு வேன் சொல்ல வேண்டும். யார் யார் வருகிறீர்கள்? இன்றைக்குள் சொன்னால்தான் 24 சீட் வண்டி கிடைக்கும்.

மோகனா: நாங்கள் நாலு. அம்மாவுக்கு முன் சீட். திருத்தணி போனபோது பின்னால் உட்காரவைத்து வாந்தி.

கோபால்: அது வழியில் சாப்பிட்ட பஜ்ஜி.

ஜமுனா: வேனை அப்புறம் பாருங்கள். தண்டையார்பேட்டை சம்பந்தி இப்போதுதான் போன் செய்தார். குரலே சரியில்லை.

ஜமுனா: (போட்டோ)

ஜமுனா: சதீஷ் ஃபேஸ்புக்கில் போட்ட படத்துக்குக் கீழே எவனோ எழுதியிருக்கிறான். மாப்பிள்ளைக்கு 8 லட்சம் கடனாம். பைக்கை ஃபைனான்ஸ்காரன் தூக்கிக்கொண்டு போனது பெண் வீட்டுக்குத் தெரியுமா என்று கேட்கிறான். பெயர் கல்மண்டபம் கழுகு.

மோகனா: அய்யோ

குமார்: ஃபேக் ஐடி அத்தை. ரோஜாப்பூ படம். ஒரு நண்பர் கூட இல்லை.

சதீஷ்: 8 லட்சம் இல்லை சித்தி, 80 ஆயிரம். பைக்கை யாரும் தூக்கவில்லை, நானே விற்றேன்.

மோகனா: நான் கேட்கவே இல்லையேப்பா.

எத்திராஜ்: எல்லோருக்கும் வணக்கம். பொறுமையாகப் படிக்கவும். முகம் காட்டாமல் எழுதுகிறவனுக்குச் சட்டம் வேண்டும் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். தம்புச் செட்டித் தெருவில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். 2018ல் நம் ஹைகோர்ட்டிலேயே, சமூக ஊடகக் கணக்கை எல்லாம் ஆதாரோடு இணைக்க வேண்டும் என்று பொதுநல வழக்குப் போட்டார்கள். ஐஐடி பேராசிரியர் காமகோடி, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்று அறிக்கையே கொடுத்தார். அன்றைக்கே இணைத்திருந்தால் இந்தக் கழுகு இன்றைக்குக் கூண்டில் இருக்கும். எழுதுகிறவன் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண் போட்டு எழுதட்டும். யோக்கியனுக்கு என்ன பயம்? (தொடரும்)

கோபால்: தொடருமா

சதீஷ்: 😬

பிரியா: பெரியப்பா, அதே வழக்கில் ஆதார் இணைப்பு முடியாது என்று ஹைகோர்ட்டே சொல்லிவிட்டது. ஃபேஸ்புக் டெல்லிக்குப் போய், 2019ல் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு மாறிவிட்டது.

எத்திராஜ்: மாறினால் என்ன? கேட்டது நியாயமா இல்லையா?

பிரியா: தென் கொரியாவில் செய்தே பார்த்தார்கள். 2007ல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுத அடையாளத்தைக் காட்டுவது கட்டாயம் ஆனது. அங்கேயும் ஆதார் மாதிரி ஒரு எண் உண்டு. 2011ல் ஒரே ஒரு திருட்டில் 3.5 கோடிப் பேருடைய விவரம் போய்விட்டது. 2012ல் அவர்களுடைய அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே ஒருமனதாக ரத்து செய்தது. வசவு எழுதுகிறவர்களும் அதனால் பெரிதாகக் குறையவில்லை.

ஜமுனா: கொரியாவை விடு பிரியா. சாயங்காலம் சம்பந்திக்கு நான் என்ன சொல்ல?

கோபால்: கண்டபடி எழுதினால் தூக்கி உள்ளே வைக்கிற சட்டம் ஒன்று இருந்ததே?

பிரியா: ஐ.டி. சட்டத்தின் 66ஏ பிரிவு. 2015ல் சுப்ரீம் கோர்ட் அடித்துவிட்டது சித்தப்பா... சாரி, அப்பா. ஏதோ ஞாபகம்.

மோகனா: பெற்ற அப்பனையே 😂

எத்திராஜ்: 2021ல் புது விதி வந்ததே, அதில் அடையாளம் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பிரியா: விருப்பப்படுகிறவர்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வசதி கொடு என்று பெரிய நிறுவனங்களுக்குச் சொன்னார்கள். கட்டாயம் இல்லை பெரியப்பா.

குமார்: கட்டாயம் ஆக்கக் கூடாது நைனா. 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்த ராத்திரி உனக்கு ஞாபகம் இருக்கும். பெரியகுப்பத்தில் ஜனங்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். எனக்கு வந்த வீடியோவில் பாதி புனைபெயரில்தான் வந்தது. கான்ட்ராக்ட் ஆள் சொந்தப் பெயரில் கம்பெனியைப் பற்றி எழுதினால் மறுநாள் கேட்டில் பாஸ் இருக்காது. யூனியனும் வராது, யாரும் வர மாட்டார்கள்.

கோபால்: நீயா போட்டாய்?

குமார்: நான் அன்றைக்கு நைட் ஷிஃப்ட் சித்தப்பா.

கோபால்: அதைத்தான் கேட்டேன்.

குமார்: 🙏

எத்திராஜ்: அது பொதுக்காரியம். இது குடும்பப் பெண்... குடும்பப் பையன் விஷயம். இரண்டும் ஒன்றா?

பிரியா: சட்டத்துக்கு எது பொதுக்காரியம் என்று எப்படித் தெரியும்? பெயரைக் கேட்கிற இயந்திரம் இரண்டு பேரிடமும்தான் கேட்கும்.

சதீஷ்: கோட் வாங்க எம்.சி. ரோடு போகலாமா, சவுகார்பேட்டையா?

ஜமுனா: டேய்

பிரியா: சதீஷ், ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. அந்த ஐடியின் லிங்க்கையும் அந்தக் கமெண்டின் லிங்க்கையும் தனியாக எடுத்து வை. பெயரை மாற்றினாலும் பிடிக்கலாம். ஃபேக் ஐடி நமக்குத்தான் முகமூடி. போன் நம்பர், ஐபி முகவரி எல்லாம் நிறுவனத்திடம் இருக்கும், முறையாகக் கேட்டால் கிடைக்கும். ஆனால் இது வெறும் அவதூறு. போலீஸ் நேரே எஃப்ஐஆர் போடாது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். மிரட்டியிருந்தால் கதை வேறு. பெயரை மறைத்து மிரட்டினால் கூடுதல் தண்டனை என்று 1860ஆம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டத்திலேயே இருந்தது, 507ஆவது பிரிவு. மொட்டைக் கடுதாசிக்காக எழுதியது. இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 351க்குள் வந்துவிட்டது.

மோகனா: மொட்டைக் கடுதாசிக்குத் தண்டனை உண்டா? 1991ல் யாரும் சொல்லவில்லையே.

கோபால்: மோகனா, இப்போது வேண்டாம்.

மோகனா: பிள்ளைகளுக்குத் தெரியட்டும். பெரம்பூர் வரன். தட்டு மாற்ற ஒரு வாரம் இருக்கும்போது அவர்கள் வீட்டுக்கு நீல இன்லேண்ட் லெட்டர் போனது. கையெழுத்து இல்லை, எல்லாம் டைப். "சமூகத்துக்குப் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்" என்று ஆரம்பம். பெண்ணுக்கு வலிப்பு என்று இரண்டாவது பாராவில். எனக்கு எந்தக் காலத்தில் வலிப்பு வந்தது?

குமார்: சமர்ப்பித்துக்கொள்வதா

சதீஷ்: யாதெனிலா

பிரியா: அத்தை, அப்போது நம் பக்கத்தில் டைப்ரைட்டர் யார் வீட்டில் இருந்தது?

எத்திராஜ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

எத்திராஜ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோபால்: அண்ணே, ரொம்ப நேரமாக டைப் செய்கிறீர்கள், ஒன்றும் வரவில்லை.

எத்திராஜ்: அந்தக் காலத்தில் வண்ணாரப்பேட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் தெருவுக்குத் தெரு இருந்தது.

மோகனா: இருந்தது அண்ணே.

ஜமுனா: விடு மோகனா. அந்தப் பெரம்பூர்க்காரன் மொடாக்குடியன் என்று பின்னால் தெரிந்ததே. நல்லதுதான் நடந்தது.

மோகனா: அது வேறு அக்கா.

சதீஷ்: ஒன்று கேட்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பைக் என்னிடம் இல்லாதது இந்த குரூப்பைத் தாண்டி யாருக்கும் தெரியாது.

குமார்: ...

கோபால்: அதற்காக எல்லோரும் ஆதாரைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டுமா? மெக்கானிக்குத் தெரிந்திருக்கும். வாங்கினவனுக்குத் தெரிந்திருக்கும்.

சதீஷ்: வாங்கினவன் ஆவடிக்காரன், மாமா. கல்மண்டபம் எங்கே, ஆவடி எங்கே.

கோபால்: பிரியா, அட்மின் நான். நாளைக்கு ஏதாவது என்றால் என்னைக் கூப்பிடுவார்களா?

பிரியா: மாட்டார்கள் அப்பா. உறுப்பினர் போட்டதற்கு அட்மின் பொறுப்பில்லை என்று 2022ல் கேரள ஹைகோர்ட் சொல்லியிருக்கிறது.

கோபால்: அப்பாடா. நான் வெளியேறவே பார்த்தேன்.

ஜமுனா: எல்லோரும் கேளுங்கள். புகார், கோர்ட்டு ஒன்றும் வேண்டாம். இழுத்தால் பெண்ணின் பெயரும்தான் அடிபடும். சாயங்காலம் லோன் பேப்பரை எடுத்துக்கொண்டு நானும் சதீஷும் நேரே போய் உட்கார்ந்து பேசிவிடுகிறோம்.

எத்திராஜ்: நான் வருகிறேன். பேச்சை என்னிடம் விடு.

ஜமுனா: நீங்கள் வேண்டாம் அண்ணே. முட்டி வலி. கோபால் வரட்டும்.

எத்திராஜ்: முட்டி இப்போது பரவாயில்லை.

ஜமுனா: கோபால் வரட்டும்.

பிரியா: அத்தை, லிங்க்கை மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். புகார் கொடுப்பதா வேண்டாமா என்று அப்புறம் யோசிக்கலாம்.

சதீஷ்: கமெண்டை நானே டெலிட் செய்துவிட்டேனே, காலையிலேயே.

பிரியா: 🤦‍♀️

எத்திராஜ்: சீர்த்தட்டு 11ஆ 21ஆ என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

மோகனா: 21. பெண் வீட்டார் 15 எடுத்து வருகிறார்களாம்.

ஜமுனா: எடுத்து வருகிறார்களா என்பதே சாயங்காலம் போனால்தான் தெரியும்.