செயலி: பத்திரம் யாரிடம், பாத்தியதை யாரிடம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 'செயலி' என்பது கணினியின் கணக்கிடும் உறுப்பான ப்ராசஸருக்கு எழுதிக்கொடுத்த சொல், அதைக் கைபேசி மென்பொருளான ஆப் என்பதற்கு எடுத்துக்கொண்டது தவறு என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். பத்திரம் அவர் பக்கம்தான், மறுக்கவில்லை. மைக்ரோப்ராசஸருக்கு 'நுண்செயலி' என்று பாடநூல் எழுதிப் பழகிவிட்டது. ஆப் பிந்தி வந்த விருந்தாளி. 2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஏறத்தாழ 500 மென்பொருள்களோடு தன் 'ஆப் ஸ்டோர்' கடையைத் திறந்த பிறகுதான் அந்தச் சொல் வீட்டுக்குள் நுழைந்தது. 2010ஆம் ஆண்டின் சொல்லாக அமெரிக்கக் கிளைமொழிக் கழகம் அதையே தேர்ந்தெடுத்தது.

ஆனால் நிலத்தில் இன்று உழுதுகொண்டிருப்பவர் யார்? 'உழவன் செயலி', 'காவலன் செயலி', 'ஆரோக்கிய சேது செயலி' என்று அரசு அறிவிப்பிலும் நாளிதழிலும் படித்துப் படித்து, செயலி என்றால் கைபேசியில் தொடும் சிறு படம் என்று பொருள் ஊன்றிவிட்டது. பத்திரம் இல்லாவிட்டாலும் நெடுநாள் ஆண்டு வந்ததால் கிடைக்கும் உரிமை, அனுபவ பாத்தியதை, வந்துவிட்டது என்பதே என் கட்சி. என் சித்தப்பா ஒருபடி மேலே போய்விட்டார். "உழவனில் தக்காளி விலை பார்த்தேன்" என்கிறார். செயலி என்ற சொல்கூட அவருக்குத் தேவைப்படவில்லை. பேச்சில் பொதுச்சொல் உதிர்ந்து பெயர் மட்டும் நிற்பது நல்ல அறிகுறிதான். பொருள் அவ்வளவு பழகிவிட்டது.

மாற்றுச் சொற்களையும் பார்த்துவிடலாம். 'குறுஞ்செயலி' என்பதில் குறுமை எங்கே இருக்கிறது? ஆங்கிலத்தில் குறுகியது சொல், பொருள் அன்று. என் வங்கிச் செயலி கைபேசியில் அடைத்துக்கொள்ளும் இடத்தைப் பார்த்தால் யாரும் அதைக் குறு என்று சொல்ல மாட்டார்கள். 'பயன்பாடு' இன்னும் சிக்கல். அமைப்புகள் பக்கத்தில் 'தரவுப் பயன்பாடு' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'பயன்பாடுகள்' என்று ஒரு வரி. எது எவ்வளவு செலவானது, எது எத்தனை இருக்கிறது என்று நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றே ஒன்றைக் குறிக்கும்போதும் 'இந்த ஆப்ஸ்' என்று எழுதும் கைபேசிகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. 'ஆப்பு' வேண்டாம்; அது மரத்தில் இறங்குவது, அல்லது நம் மேல் இறங்குவது.

செயல் என்பது பெயர்ச்சொல், அதில் இகர விகுதி ஒட்டாது என்றார் இன்னொரு நண்பர். ஏன் ஒட்டாது? வில்லை உடையவன் வில்லி, கூனை உடையவள் கூனி, நான்கு கால் உடையது நாற்காலி. எல்லாம் பெயர் மேல் ஏறிய இகரம்தான். வினையோடு சேரும்போதோ இந்த விகுதி இன்னும் தாராளம் காட்டும்: சேர்ந்தாரைக்கொல்லி செய்பவனைக் குறிக்கிறது, மண்வெட்டி செய்ய உதவும் கருவியைக் குறிக்கிறது, ஊருணி ஊரார் உண்ணும் நீரைக் குறிக்கிறது. உலாவி (ப்ரவுசர்), வருடி (ஸ்கேனர்), திசைவி (ரவுட்டர்) எல்லாம் இந்த வாசல் வழியாக வந்தவைதான். அவற்றுக்கு அனுமதி கொடுத்துவிட்டுச் செயலியை மட்டும் வாசலில் நிறுத்த முடியாது.

இன்னொன்றையும் நாம் மறந்துவிட்டோம். கடிதம் தட்டெழுத உதவும் மென்பொருளை 'சொற்செயலி' என்று எழுதியது நாம்தானே? ஆங்கிலத்திலும் வேர்ட் ப்ராசஸர் மென்பொருள், ப்ராசஸர் வன்பொருள். செயலி மென்பொருளாவது ஆப் காலத்துப் புதுமை அல்ல என்றே கொள்ள வேண்டும்.

உண்மையான இடர் வேறு இடத்தில் இருக்கிறது. போன வாரம் மொழிபெயர்க்க வந்த ஒரு வரி இப்படி முடிந்தது: "இச்செயலி இயங்க எட்டுக் கருச் செயலி தேவை." முதல் செயலி ஆப், இரண்டாவது ப்ராசஸர்; கரு என்பது அதனுள் இருக்கும் 'கோர்'. எழுதிய எனக்கே இரண்டாம் முறை படித்த பிறகுதான் புரிந்தது. தனித்தனி வரிகளில் தொல்லை தராத சொல், ஒரே வரியில் இரண்டு வேடம் போடும்போது கவிழ்கிறது. ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும் என்றால் ப்ராசஸர்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு, கற்றுக்கொள்ளக் கூடியவர்கள்.

ப்ராசஸருக்கு என் முன்மொழிவு 'செயற்சில்லு'; சில்லு என்பது 'சிப்'. 1971இல் இன்டெல் 4004 என்ற நுண்செயலி வந்தபோது நடந்த புதுமையே ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்களைக் கொண்ட மையச் செயற்பகுதி (சிபியு) முழுவதும் ஒரே சில்லில் அடங்கியதுதான். பாடநூலின் 'மையச் செயலகம்' எனக்கு ஒவ்வாது. கோட்டையில் இருக்கும் தலைமைச் செயலகம் நினைவுக்கு வந்து, உள்ளே கோப்பு நகருமா என்ற கவலை பிடித்துக்கொள்கிறது.

மறுப்பு வரும் இடம் தெரியும். சில்லு உடல், ப்ராசஸர் பணி. இன்றைய கைபேசிச் சில்லில் வரைகலைப் பகுதி, மோடம், நினைவகக் கட்டுப்படுத்தி எல்லாம் சேர்ந்தே இருக்கின்றன என்பீர்கள். சரிதான். ஆனால் விளம்பரத்தில் ப்ராசஸர் என்று அச்சிடுவதும் அந்த மொத்தச் சில்லைத்தானே? கடையில் செயற்சில்லு, பாடநூலில் அதனுள்ளே மையச் செயற்பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். பழைய நூல்களில் இருக்கும் நுண்செயலியை அழிக்கவும் வேண்டாம். 'நுண்' என்ற அடைமொழி அதைக் காப்பாற்றும்.

பெரிய தடை இலங்கையிலிருந்து வரும் என்று நினைக்கிறேன். நமக்குச் சில்லு என்றால் பாண்டி ஆட்டத்தில் எறியும் ஓட்டாஞ்சில்லு. யாழ்ப்பாணத்தாருக்கு அது சைக்கிளின் சக்கரம். 'எட்டுக் கருச் செயற்சில்லு' என்று அவர்களிடம் சொன்னால் என்ன உருண்டு வரும் என்று அங்குள்ள நண்பர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் சிரிக்காமல் படித்துவிட்டால் அந்த வரியை இப்படி மாற்றி அனுப்புகிறேன்: "இச்செயலி இயங்க எட்டுக் கருச் செயற்சில்லு தேவை." கருவா, உள்ளகமா என்ற சண்டையைத் தயவுசெய்து இதில் கலக்காதீர்கள், அதற்குத் தனி இழை தொடங்குவோம்.

அன்புடன்