‘செஷன்’: கையளிப்பா, இறைமையளிப்பா?

வணக்கம்.

ஒரு நாடு ஒரு நிலப்பகுதியின் இறைமையை (ஆட்சியுரிமையை) இன்னொரு நாட்டுக்குத் தருவதை ஆங்கிலத்தில் ‘செஷன்’ (cession) என்பார்கள். மொழிபெயர்ப்பில் அதற்குக் ‘கையளிப்பு’ என்றே எழுதி வருகிறோம். ஸ்பெயின்-அமெரிக்கப் போரை முடிக்க 1898 டிசம்பர் 10-இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கையைத் தமிழாக்கினால் முதல் பிரிவிலேயே இடறும். கியூபா மீதான உரிமையை ஸ்பெயின் அங்கே துறக்கிறது. ஸ்பானிய மூலத்தில் ‘ரெனுன்சியா’. அடுத்த பிரிவில் புவெர்ட்டோ ரிக்கோ, குவாம், மூன்றாவதில் பிலிப்பைன்ஸ். இவற்றை அமெரிக்காவுக்கு அளிக்கிறது; மூலத்தில் ‘செடெ’. துறப்புக்குப் பெறுநர் கிடையாது. அதனால்தான் 1899 ஜனவரி 1 முதல் 1902 மே 20 வரை அமெரிக்கப் படை ஆண்டும் கியூபா அமெரிக்க உடைமையாகவில்லை. புவெர்ட்டோ ரிக்கோ ஆனது. இரண்டுக்கும் ஒரே சொல் போட முடியாது.

———

> இரண்டுக்கும் ஒரே சொல் போட முடியாது.

உண்மைதான் ஐயா. ஆனால் ‘கையளிப்பை’க் கைவிடவேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. பத்திரத்தில் பாத்தியதை (உரிமை) வேறு, சுவாதீனம் (கைவசம் இருப்பது) வேறு அல்லவா? லூயிசியானாவைப் பிரான்சுக்குத் திருப்பித்தர ஸ்பெயின் ஒப்பியது 1800 அக்டோபர் 1-இல், சான் இல்தெபான்சோவில். நியூ ஆர்லியன்சில் சுவாதீனம் மாறியது 1803 நவம்பர் 30-இல்தான். இருபதே நாளில் பிரான்ஸ் அதை அமெரிக்காவிடம் விட்டது. அந்த நவம்பர் நிகழ்வுதான் கையளிப்பு.

‘தாரைவார்ப்பு’ வேண்டாம். கச்சத்தீவுப் பேச்சில் ஊறிய சொல், சும்மா தூக்கிக் கொடுத்த தொனி அதில் உண்டு. பிலிப்பைன்சுக்கோ 2 கோடி டாலர், உடன்படிக்கையை உறுதிசெய்யும் ஒப்புறுதி ஆவணங்கள் பரிமாறிய 3 மாதத்துக்குள். துறப்புக்கு ‘விடுதலை’ என்று விடுதலைப் பத்திரத்தை (சொத்தில் தன் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) பார்த்து வைக்கலாம்தான். கியூபாவின் சுதந்திரத்தோடு குழம்பும்.

‘செஷன்’: இறைமையீவு. ‘ரெனுன்சியா’: இறைமைத் துறப்பு. சரிவருமா?

———

‘ஈவு’ என்றதும் வகுத்தல் கணக்குதான் நினைவுக்கு வரும், அம்மா. ‘இறைமையளிப்பு’ என்றால் அளிக்கும் நாடு, ஏற்கும் நாடு, லூயிசியானாவுக்கு ‘மீளளிப்பு’ எனக் கிளைக்கும். வினையில் மட்டும் கவனம்: ‘பிலிப்பைன்சை இறைமையளித்தது’ தமிழாகாது, ‘பிலிப்பைன்சின் இறைமையை அளித்தது’.

ஸ்பெயின் ஆண்ட மேற்குச் சகாராவுக்கு மூன்றாவது சொல் தேவை. 1975 நவம்பர் 14 மாட்ரிட் உடன்பாட்டில் மொரோக்கோவும் மௌரித்தேனியாவும் பெற்றது நிர்வாகம்தான். இறைமை மாறவில்லை என்று ஐ.நா. சட்டப் பிரிவு 2002-இல் கருத்துரைத்தது. அங்கே ‘இறைமையளிப்பு’ என்று போட்டால் மொழிபெயர்ப்பாளரே ஒரு தரப்புக்குத் தீர்ப்பு எழுதியதாகிவிடும். ‘நிர்வாக ஒப்படைப்பு’ போதும்.

———

இறைமையளிப்பு, இறைமைத் துறப்பு, நிர்வாக ஒப்படைப்பு மூன்றையும் ஏற்கிறேன். ஒரு சிக்கல் மட்டும், துறப்புக்குப் பெறுநர் கிடையாது என்று முதலில் நான் சொன்னதையே திருத்தவேண்டியிருக்கிறது. 1898-இல் பிலிப்பைன்சுக்கு எல்லைக்கோடு வரைந்தபோது சிபுத்து, ககாயன் சூலு தீவுகள் வெளியே விழுந்தன. 1900 நவம்பர் 7-இல் 1 லட்சம் டாலருக்கு இன்னோர் உடன்படிக்கை போட்டார்கள். அதன் ஆங்கில வாசகத்தில் வருவது அளிப்பதற்கான வினை அல்ல. தனக்கு ஏதேனும் உரிமை இருந்திருந்தால் அதை ஸ்பெயின் ‘அமெரிக்காவுக்குத் துறக்கிறது’. பெறுநர் உள்ள துறப்பு! அம்மா சொன்ன விடுதலைப் பத்திரத்தின் வேலை இதுவேதான்: இன்னார் பேருக்கு விட்டுவிடுவது. ஆகவே சொற்பட்டியலில் ‘இறைமைத் துறப்பு’ என்பதன்கீழ் ‘பெறுநரின்றி’ (கியூபா, 1898), ‘பெறுநர் பேருக்கு’ (சிபுத்து, 1900) என இரு பொருளையும் தரவேண்டும்.