ஐந்து எப்படி எட்டானது?

பாளையங்கோட்டை வாசகன்:
2009-இல் ஒரு கணினி மாத இதழுக்கு வீடியோ கேம் விமர்சனம் எழுதிவந்தேன். பகலில் முருகன்குறிச்சியில் பிரவுசிங் சென்டர் வேலை, கடை அடைத்தபின் அங்கேயே விளையாட்டும் எழுத்தும். ஒரு கார் பந்தய விளையாட்டுக்குப் பத்துக்கு ஐந்து கொடுத்தேன். மூன்றாவது பந்தயத்தில் திரை உறைந்துவிடுகிறது என்றும் எழுதினேன். அச்சில் ஐந்து எட்டாகியிருந்தது, உறைவது பற்றிய வரியே இல்லை. பின்னட்டை முழுக்க அதே விளையாட்டின் விளம்பரம். கேட்டதற்கு, "இடம் போதவில்லை தம்பி" என்றார் ஆசிரியர்.

அடுத்த வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறி ஒரு பையன் வந்தான். பிளஸ் டூ படிக்கும் வயது. என் விமர்சனம் வந்த பக்கம் தெரியும்படி இதழை மடித்துப் பிடித்திருந்தான். "அண்ணாச்சி, மூன்றாவது பந்தயத்தைத் தாண்ட முடியவில்லை. நான் ஏதாவது தவறாகச் செய்கிறேனா?" என்றான். தவறு தன்னுடையது என்று நம்பி அவ்வளவு தூரம் வந்திருக்கிறான்! "கணினியின் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்துப் பார்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தென்காசிச் சாரல்:
எனக்கு நேர்ந்தது யூடியூபில். பணம் கொடுத்த நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் 'கோளாறுகளைக் காட்டக்கூடாது' என்று ஒரு வரி. 2014-இல் 'ஷேடோ ஆஃப் மோர்டோர்' விளையாட்டுக்கு வார்னர் பிரதர்ஸ் போட்ட நிபந்தனையும் இதுதான். பணம் கொடுத்து எடுக்கவைத்த வீடியோக்கள் என்பதைச் சரியாக வெளிப்படுத்தாததற்காக 2016-இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்த நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அதெல்லாம் தெரிந்திருந்தும் கையெழுத்திட்டேன். கதாபாத்திரம் சுவருக்குள் புதைந்து நின்ற பதினோரு விநாடிக் காட்சியை என் கையாலேயே வெட்டினேன். அந்தத் துண்டு இன்னும் என் கணினியில் இருக்கிறது.

வண்ணாரப்பேட்டை நிருபர்:
பாளையங்கோட்டை அண்ணாச்சி, ஆசிரியர் மாற்றினார் என்கிறீர்கள். அடுத்த இதழுக்கும் எழுதினீர்களா, இல்லையா? அதைச் சொல்லவில்லையே. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் என்ற விளையாட்டு விமர்சனத் தளம் முழுக்க 'கேன் அண்ட் லிஞ்ச்' விளையாட்டின் விளம்பரம் ஓடியபோது, அங்கே விமர்சகராக இருந்த ஜெஃப் கெர்ஸ்ட்மன் அதற்குப் பத்துக்கு 6 மதிப்பெண்தான் கொடுத்தார். வேலை போயிற்று. உடனிருந்தவர்கள் சிலர் பிறகு தாமாகவே விலகினார்கள். நடந்ததை 2012-இல்தான் அவரால் வெளிப்படையாகப் பேச முடிந்தது.

நானும் ஒருமுறை நிறுவனச் செலவில் பெங்களூரு போய்வந்து எழுதியிருக்கிறேன். பயணச்செலவு யாருடையது என்று குறிப்பிடவில்லை. அது தவறுதான்.

தென்காசித் தம்பி, இனிமேல் இதைக் கவனியுங்கள். பணம் மட்டுமல்ல, இலவசப் பிரதி, பரிசு, பயணம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. வீடியோவுக்குக் கீழே விவரக்குறிப்பில் எழுதினால் போதாது. வீடியோவுக்குள்ளேயே எழுத்தாகவும் குரலாகவும் வரவேண்டும். நேரலை என்றால் அறிவிப்பு தொடர்ந்து தெரிய வேண்டும். எந்த மொழியில் பரிந்துரைக்கிறீர்களோ அந்த மொழியில்தான் அறிவிப்பும் இருக்க வேண்டும். தமிழில் பேசிவிட்டு மூலையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போடுவது கூடாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் வரை அபராதம் உண்டு. ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் கையெழுத்திடாதீர்கள்.

தென்காசிச் சாரல்:
அறிவுரை கேட்கவில்லை அண்ணாச்சி. நான் செய்ததைச் சொன்னேன்.

கல்லிடைக்குறிச்சி அக்கா:
என் தம்பி விரும்பிப் பார்த்த விமர்சகர், விளையாட்டுகளின் குறைகளை ஒளிக்காமல் சொல்பவர். ஒருநாள் வீடியோவின் நடுவில் ரம்மி செயலி ஒன்றைப் பரிந்துரைத்தார். அம்மாவின் கம்மல் அடகுக்கடைக்குப் போன பிறகும் "அவர் பொய் சொல்ல மாட்டார் அக்கா" என்றுதான் தம்பி சொன்னான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையும் அவற்றின் விளம்பரத்தையும் தடைசெய்யும் மத்திய சட்டம் 2025 ஆகஸ்டில்தான் வந்தது. எங்களுக்கு அது மிகவும் தாமதம்.

பாளையங்கோட்டை வாசகன்:
நிருபர் கேட்டதற்குப் பதில்: எழுதினேன். இன்னும் பதினான்கு மாதம் எழுதினேன். அந்தப் பையன் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு மறுபடியும் வந்தான். கண்ணாடிக் கதவு வழியாக அவனைப் பார்த்ததும் உள்ளறைக்குப் போய்விட்டேன். நான் இல்லை என்று கடைப்பையன் சொல்லி அனுப்பினான்.